மூக்குத்தி போட்ட கோழி

...இல்லைன்னு சொல்லியாச்சு, அவ்வளவுதானே, ஒரே ஒரு சொல், அதையும் நான் தேடிப் போய் எடுக்கவில்லை, அதுவாகவே நாக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது, முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் நேரக்காப்பாளராக இருந்தவனிடம் வந்து எதைக் கேட்டாலும் வேறு என்ன வரும், தேவகோட்டை வண்டி வந்துருச்சாண்ணே என்று ஒருத்தர் கூண்டுக்குள் தலையை நீட்டினால் நோட்டிலிருந்து நிமிராமலே இல்லை என்பேன், அவர் முதுகுக்குப் பின்னால் அந்த வண்டியே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும், ஆனாலும் இல்லைதான், அந்த மாதிரி ஒரு இல்லை. சம்பந்தியம்மா புஷ்பவள்ளி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டது, "அண்ணே, கேக்குல முட்டை கிட்டை போடலைல." என் கையில் கிரீம் பை, பையின் நுனியில் நாசில், நாசிலின் நுனியில் பதினோராவது ரோஜாவின் கடைசி இதழ்... இல்லைன்னேன். "நீங்க சொன்னாச் சரிதேன்," என்று கூடத்துக்குப் போய்விட்டது. நாலு முட்டை. ஒவ்வொன்றும் தேங்காய் மாதிரி, நானே உடைத்து, நானே அடித்து, பொங்கி வந்த நுரையைப் பார்த்து என் மனைவி யோகம் "சோப்புத்தூளு போட்டீகளா" என்று கேட்கிற அளவுக்கு அடித்து ஊற்றிய நாலு முட்டை இந்த மஞ்சள் மெத்தைக்குள் இருக்கிறது, வெளியே வெள்ளைக் கிரீமைப் பூசிப் பொங்கலுக்கு வெள்ளையடித்த வீடு மாதிரி வைத்திருக்கிறேன், உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.

போட்டால் என்ன, போடாமல் செய்து நான் பட்டது போதாதா, போன வருஷம் இதே பங்குனி, பேத்தி அபிக்கு இரண்டாவது பிறந்தநாள், செல்போனில் ஒரு பெண் தயிரும் சோடா மாவும் போட்டால் முட்டையில்லாமலே பஞ்சு மாதிரி வரும் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னதை நம்பி முதன்முதலாக ஒரு கேக் சுட்டேன், வந்தது கேக் இல்லை, ஆத்தங்குடிக் கல்லு, அதன் மேல் பூசின கிரீம் வெயிலுக்கு உருகி வழிந்து மேசை விரிப்பில் இறங்கி நடந்துபோய்க்கொண்டிருந்தது, மருமகள் ஜோதி பாவம் கத்தியை வைத்து அழுத்தினாள், கத்திதான் வளைந்தது. அப்போது ஜோதியைப் பெற்ற இந்த மகராசி, இருபத்தைந்து பேர் முன்னால், சொல்லப்போனால் இருநூறு பேர் இருக்கும், "அண்ணே, இதுமாதிரி இன்னும் நாப்பது சுட்டுப் போட்டீகன்னா உள்ரூமுக்குத் தரை பதிச்சுரலாம்," என்றது. சிரித்தார்கள். என் மகன் உதயகுமார் சிரித்தான், நான் பெற்றவன், பல்லெல்லாம் தெரிய. அதுகூடப் போகட்டும், சிரித்து முடித்துவிட்டு அந்தம்மா என்ன செய்தது, எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கியாந்தேன் என்று வாசலில் நின்ற காருக்குப் போய் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தது, திருப்பத்தூர் கடையில் வாங்கின கேக், ரோஜாப்பூ, செர்ரிப்பழம், எல்லாம் வைத்து ஜம்மென்று. பெட்டியில் ஒட்டியிருந்த பில்லில் காலை எட்டு மணி. அப்படியென்றால் என் கேக்கைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே அது கல்லாகத்தான் இருக்கும் என்று தெரிந்திருக்கிறது, நான் இங்கே நாசிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தப் பெட்டி கார் சீட்டில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது... எதுக்கும் இருக்கட்டும். ஒரு மனுஷனைக் கொல்ல இதைவிடச் சின்ன ஆயுதம் உண்டா?

அன்றைக்கு ஆரம்பித்தது. இட்லி மாவைக் கிரீம் பையில் நிரப்பி, எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன் முதுகில் ரோஜா பிழிந்தேன், ஒரு நாளைக்கு நூறு, ஞாயிற்றுக்கிழமை என்றால் இருநூறு, பிழிந்ததை வழித்து யோகம் தோசை ஊற்றினாள், புளிச்ச ரோஜாவுக்குச் சட்னி அரைச்ச ஒரே பொம்பள நாந்தேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். முதல் மாதம் எல்லாம் வேனல் கட்டி மாதிரி வந்தது, மூன்றாம் மாதம் காலிஃபிளவர், ஆறாம் மாதம் பூ என்று சொன்னால் நம்பலாம், எட்டாம் மாதம் ஒரு ரோஜாவில் தேனீ வந்து உட்கார்ந்தது, ஈயாகவும் இருக்கலாம், ஆனால் உட்கார்ந்தது. இப்போது பன்னிரண்டாவது... மெதுவாக... பையை அமுக்கும்போது மூச்சை விடக்கூடாது, ஃபேன் போடக்கூடாது, ஐஸ் தண்ணீர்க் கிண்ணத்தில் கையை முக்கி முக்கி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் என் கைச்சூட்டுக்கே கிரீம் கஞ்சியாகிவிடும். ஓரம் முழுக்க ரோஜா, நடுவில் கோழி. அபிக்குக் கோழி என்றால் உயிர், அம்மாச்சி வீட்டுக்குப் போனால் கோழி பின்னாலேயே திரிவாள் என்று பத்து நாளைக்கு முன்னாலேயே முடிவு செய்த கோழி, இன்றைக்குப் பார்த்தால் முட்டையே இல்லாத கேக்கின் மேல் ஏறி அடைகாத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, சிரித்ததில் கை ஆடி அலகு நீண்டு மூக்காகிவிட்டது, அந்த மூக்கும், கழுத்தைச் சாய்த்து உலகத்தையே ஒரு ஓரமாகப் பார்க்கிற அந்தப் பார்வையும்... அட, அசல் புஷ்பவள்ளி. வெள்ளி நிறச் சர்க்கரைக் குண்டு டப்பா பக்கத்திலேயே இருந்தது, இடுக்கியால் ஒன்றை எடுத்து மூக்கில் இடது பக்கமாக வைத்தேன். மூக்குத்தி. பஸ் ஸ்டாண்டில் முப்பத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைத்ததில்லை.

காலையில் அந்தம்மா வந்து இறங்கினபோதே பார்த்துவிட்டேன், மஞ்சள் சேலை, வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்து முடிந்த காப்பு, அவர்கள் ஊர் மாரியம்மனுக்கு வருகிற செவ்வாய்க்கிழமை பால்குடமாம், காப்புக் கட்டினால் ராத்திரி வேறு ஊரில் தங்கக்கூடாது, பொழுது சாய்வதற்குள் திருப்பத்தூர் போய்ச் சேர வேண்டும், அதனால்தான் சாயங்காலம் வெட்ட வேண்டிய கேக்கைப் பகல் பன்னிரண்டரைக்கு வெட்டுகிறோம், என் கிரீம் கிடந்து தவிக்கிறது. கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, வெளி வீட்டில் பச்சைத்தண்ணி இல்லை. "புள்ள ஊட்டுறத மட்டும் வேணாங்க முடியாதுல்ல," என்று யோகத்திடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஆகா. ஊட்டட்டும். என் பேத்தி கையாலேயே ஊட்டட்டும். இருபத்தொரு நாள் காத்த விரதத்துக்குள் என் நாலு முட்டையும் டிக்கெட் எடுக்காமல் ஏறி உட்காரட்டும், சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வருகிற நேரம் பார்த்து, எல்லோரும் இருக்கும்போது, பல் குத்திக்கொண்டே கேட்பேன், சம்பந்தியம்மா, கேக்கு நல்லா எழும்பியிருந்துச்சா, எழும்பாம என்ன செய்யும், நாலு முட்டைல்ல... அந்த முகம். அந்த முகத்தைப் பார்க்க நான் இன்னொரு முப்பத்திரண்டு வருஷம் கூண்டுக்குள் உட்காரத் தயார். பதினாலாவது ரோஜா. எப்படி வருகிறது பாருங்கள், வெறுப்பு கையில் இருக்கும்போது பூ தானாக விரிகிறது.

யோகம் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சாத்தினால் விஷயம் கெட்டதென்று அர்த்தம். "முட்டை இல்லைன்னு சொன்னீகளாமே," என்றாள். நான் ரோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அந்தம்மா எதுக்குக் காப்புக் கட்டிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு." எனக்கென்ன, நிலம் நீச்சு நல்லா விளையணும்னு கட்டியிருக்கும். "அபி வாய் தொறந்து பேசணும்னு கட்டிருக்கு," என்றாள் யோகம், அவ்வளவுதான் சொன்னாள், சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கை நின்றுவிட்டது. பை மட்டும் தானாகக் கொஞ்சம் கிரீமைத் துப்பியது. அபிக்கு இன்றைக்கு மூன்று முடிகிறது, தண்ணீர் வேண்டுமென்றாலும் ம், கோழியைப் பார்த்தாலும் ம், என்னைத் தாத்தா என்று கூப்பிட வேண்டிய இடத்திலும் ம், டாக்டர் காதெல்லாம் நன்றாக இருக்கிறது, சில பிள்ளைகள் இப்படித்தான், பயிற்சி குடுங்கள், பொறுங்கள் என்கிறார், நாங்கள் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை, நான் இட்லி மாவில் ரோஜா பிழிந்துகொண்டிருந்த ஒரு வருஷமும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இது எப்படி, எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்தம்மா எப்படி முந்திக்கொண்டு வேண்டலாம், நான் வேண்டமாட்டேனா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும்... நானும் என்ன செய்திருப்பேன்? பால்குடம் தூக்கியிருப்பேனா? "நீ போய் மெதுவாச் சொல்லிரு," என்றேன். "பொய் சொன்னது யாரு," என்றாள். "எனக்கு வேலை கிடக்கு, கிரீமு உருகுது." "உருகட்டும்," என்றாள் யோகம், "நாந்தேன் தோசை ஊத்தப் போறேன்."

மூக்குத்தியை எடுத்துவிடலாம் என்று இடுக்கியைப் போட்டேன், குண்டு வந்தது, கூடவே பாதி மூக்கும் வந்தது, குழி விழுந்துவிட்டது, அதில் கிரீமை வைத்து அப்பினால் கோழிக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. சொல்லிவிடலாம். என்ன பெரிய விஷயம், எழுந்து போய், சம்பந்தியம்மா, மறந்துபோய்ச் சொல்லிட்டேன், முட்டை போட்டிருக்கு, நீங்க சாப்பிடாதீக... மறந்துபோய்? நாலு முட்டை அடித்ததை ஒரு மனுஷன் மறப்பானா, கேட்டால் என்ன நினைக்கும், இந்தாளு வேணும்னுதேன் சொன்னான் என்று நினைக்கும், சரியாகத்தான் நினைக்கும், அதுதான் கஷ்டம். அப்புறம் அது சிரிக்காது. சிரித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இந்தத் தடவை சிரிக்காமல் பார்க்கும், ஜோதி பார்ப்பாள், உதயா பார்ப்பான், விரதக்காரிக்கு முட்டை ஊட்டப் பார்த்தவன் என்று திருப்பத்தூர் தாலுகா முழுக்கப் பார்க்கும். வேறு வழி இருக்கும். பெட்டி. ஆமாம், அந்தப் பெட்டி, இந்தத் தடவையும் கடைக் கேக் வாங்கி எங்கேயாவது ஒளித்துத்தானே வைத்திருக்கும், அதை நானே கண்டுபிடித்து, அடடா இதைவிடவா என் கேக்கு என்று பெருந்தன்மையாக அதை வெட்ட வைத்துவிட்டால்... அந்தம்மா பஸ்ஸில்தான் வந்தது, ஒரே ஒரு வயர்க்கூடை, நடுரூமில் பெஞ்சுக்கடியில் இருந்தது. போய்க் குனிந்து பார்த்தேன், அறுபத்திரண்டு வயதில் சம்பந்தி கூடையைத் திறந்து பார்க்கிற நிலைமை. ஒரு தண்ணி பாட்டில், இரண்டு வாழைப்பழம், மடித்த துண்டு, அபிக்குச் சிவப்புக் கவுன். பெட்டி இல்லை. துண்டைத் தூக்கிக்கூடப் பார்த்தேன். இல்லை. எதுக்கும் இருக்கட்டும்னு ஒன்றும் வாங்கி வரவில்லை. எனக்கு அப்போது வந்த ஆத்திரத்துக்கு அளவே கிடையாது, ஒரு வருஷமாக நான் அந்தப் பெட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், அது வரவே இல்லை என்றால் என்ன அர்த்தம்.

அடுப்படிக்குத் திரும்பினால் ஜன்னல் வழியாகக் கொல்லை தெரிகிறது, கொல்லையில் அந்தம்மா. கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில். வேறு எங்கும் நிற்க இடமே இல்லையா இந்தக் காரைக்குடியில்? அந்தச் செடி அடியில்தான் யோகம் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவாள், நேற்றுச் சாயங்காலம் போட்டது, இன்னும் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது, எனக்கு ஜன்னலிலிருந்தே தெரிகிறது, அந்தம்மா குனிந்தது, கொத்து ஒடித்ததா, கீழே பார்த்ததா, அப்படியே கொஞ்ச நேரம் நின்றது, ஒரு நிமிஷம் இருக்கும், பஸ் ஸ்டாண்டுக் கணக்கில் ஒரு நிமிஷம் என்பது ரொம்ப நேரம். ஓடு பழசாகவும் இருக்கலாம் என்று நினைத்திருக்கும். கோழி வளர்க்கிற வீட்டுக்காரி, நேற்றைய ஓடு எது, போன வாரத்து ஓடு எது என்று தெரியாதா? தெரிந்தால் நல்லதுதான், தெரிந்துவிட்டால் சாப்பிடாது, நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை... தெரிந்தால் ஆயிற்றா, தெரிந்தால் நான் யார்? அந்தம்மா நிமிர்ந்து ஜன்னல் பக்கம் பார்த்தது. நான் சட்டென்று குனிந்து பதினைந்தாவது ரோஜாவைப் பிழிந்தேன், ஒரு வருஷப் பயிற்சியில் அவ்வளவு கேவலமான ரோஜாவை நான் பிழிந்ததே இல்லை.

பன்னிரண்டரை. மேசையில் வைத்தாகிவிட்டது, எல்லோரும் அட என்றார்கள், நிஜமாகவே அட என்றார்கள், உதயா போட்டோ எடுத்தான், ஊதி அணைக்கக்கூடாதென்று மெழுகுவர்த்திக்குப் பதிலாக யோகம் குத்துவிளக்கை ஏற்றினாள், புதுச் சிவப்புக் கவுனில் அபி கோழியைப் பார்த்து ம் என்றாள், இரண்டு தடவை. ஒரு வருஷமாக நான் காத்திருந்த நிமிஷம் இது, எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை, நான் அந்தம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அது கேக்கைப் பார்க்கிறது, கோழியின் மூக்கைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கவே மாட்டேனென்கிறது. ஜோதி பிள்ளை கையைப் பிடித்து வெட்டினாள், கத்தி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது, உள்ளே மஞ்சள், பொங்கி எழும்பிய மஞ்சள், எவ்வளவு அன்னாசி எசன்ஸ் ஊற்றினாலும் அதற்கடியில் ஒரு வாசம் இருக்கத்தான் செய்கிறது, எனக்கு வருகிறது, யாருக்கும் வரவில்லையா? "மொதல்ல அம்மாச்சிக்கு ஊட்டு தங்கம், அம்மாச்சி காலைலருந்து ஒண்ணும் சாப்புடல," என்றாள் ஜோதி. அபி துண்டை எடுத்து நீட்டினாள். யோகம் என்னைப் பார்த்தாள். சொல்லு மலையாண்டி, இப்போது சொல்லு, முட்டை, மூன்றே எழுத்துச் சொல், உன் வாயில் எந்த வண்டியும் நிற்கவில்லை, சொல்லு... அந்தம்மா குனிந்து, வாயைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டது. கோவிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி. இடது பக்கம் கடைவாய்ப் பல் இரண்டு இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த வாய் பேசித்தான் பார்த்திருக்கிறேன், இப்படிச் சத்தமில்லாமல் திறந்து பார்த்ததில்லை. நான் குனிந்தேன். குனிந்து, பிள்ளை விரலிலிருந்து அந்தத் துண்டை என் வாயால் கவ்வி எடுத்தேன்.

"மாமா," என்றாள் ஜோதி. "என்னப்பா இது, சின்னப்புள்ள மாதிரி," என்றான் உதயா, இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. விரதக்காரி வாய்க்கு எட்டினதைச் சம்பந்தி தட்டிப் பறித்துத் தின்றான், இனி பத்து வருஷத்துக்கு ஒவ்வொரு கல்யாணத்திலும் காதுகுத்திலும் இதைச் சொல்லிச் சொல்லிக் காறித் துப்புவார்கள், அதில் பாதிக்கு நானே போய் உட்கார்ந்திருப்பேன். மீசை முழுக்கக் கிரீமோடு மென்றுகொண்டே நிற்கிறேன். அபிதான் முதலில் சிரித்தாள். அந்தம்மா கண்ணைத் திறந்தது, வாய் இன்னும் திறந்தே இருந்தது, அப்புறம் மெதுவாக மூடிக்கொண்டது. கோபமா? தெரியவில்லை. அபியின் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாக முந்தானையால் துடைத்தது, இடது கையால் துடைத்தது, காப்புக் கட்டின கையைப் பின்னால் வைத்துக்கொண்டது, அது வழக்கமாக அப்படித்தானா, இல்லை... "விடுடி ஜோதி," என்றது, "அண்ணனுக்குப் பசிச்சிருக்கும். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு." அவ்வளவுதான். நல்லவனாகிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டுக்கொள்ள எனக்கும் ஆசைதான், ஆத்தா விரதத்தைக் காப்பாத்தினேன், பேத்திக்காகப் பேரைக் கெடுத்துக்கொண்டேன் என்று ராஜா மாதிரி மீசையைத் துடைத்துக்கொள்ளலாம்... ஆனால் குனிந்த அந்த நொடியில் எனக்குள் ஓடினது ஆத்தாளும் இல்லை, அபியும் இல்லை, வேறு ஒன்று, அதை யாரிடமும் சொல்ல முடியாது, கடித்துவிட்டு இந்தம்மா நல்லாருக்குண்ணே என்று சொல்லிவிடுமோ என்றுதான் நினைத்தேன், அப்படிச் சொல்லியிருந்தால் நாளைக்குக் காலையில் எழுந்து நான் யாருக்காக மாவைப் பையில் நிரப்புவேன், எதைக் காட்ட... அதற்காகவா குனிந்தேன்? யோகம் தட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகிறாள், வாசலில் அந்தம்மா செருப்பைத் தேடுகிறது, போய் எடுத்துக் கொடுக்கலாமா, கொடுத்தால் என்ன சொல்லிக் கொடுப்பது.